குடிக்காத மருந்து

என் வீட்டுக்காரர் மருந்து குடித்துவிட்டார் என்று முதன்முதலில் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். அந்த வார்த்தை எங்கள் குடும்பத்தின் மேல் ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

நான் பிறந்தது ராயகிரி. நெல்லும் வாய்க்காலுமாக வளர்ந்தவள். என்னைக் கட்டிக்கொடுத்தது குருவிகுளம் பக்கம், மழையை நம்பி விதைக்கிற கரிசல் ஊரில். வீட்டில் என் கணவர், அவருடைய அம்மா, தம்பி, நான் என்று நாலு பேர். நிலம் கொஞ்சம்தான், அது முழுக்கப் பருத்தி. எழுபதுகள் முடியப்போகிற சமயம். முன்பெல்லாம் புழு விழுந்தால் கையால் பொறுக்குவார்களாம், சாம்பல் தூவுவார்களாம். நான் போனபோது அதெல்லாம் நின்றுபோய், எல்லார் வீட்டிலும் பூச்சி மருந்து டப்பா வந்திருந்தது. டப்பாவில் சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் போட்டிருக்கும். மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

அதைக் கையால்தான் கலக்குவார்கள். வாளித் தண்ணீரில் ஊற்றி, முழங்கை வரை விட்டுக் கலக்கி, டேங்கில் நிரப்பி, முதுகில் மாட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் டேங்கின் மூடி சரியாக உட்காராது. நடக்க நடக்கத் தளும்பி முதுகில் வழியும். "சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கே" என்று ஒருநாள் கேட்டேன். "இந்த வெயிலுக்குக் குளுகுளுன்னுதான் இருக்கு" என்றார். தலை கிறுகிறுத்தால் புளித்தண்ணி கரைத்துக் குடிப்பார். மருந்து அடிக்கிற நாட்களில் அவருக்கு இருமல் இருக்கும், நெஞ்சு கரகரக்கும். ஊரில் பருத்தி போட்டவர்கள் எல்லாரும் இருமினார்கள். அதனால் அது ஒரு நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் காய்ப்புழு அதிகம். தை மாதம் ராயகிரியில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். முதல்நாளே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தவர், கிளம்புகிற நேரத்தில் மருந்து அடித்து முடிக்காமல் வர முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்க பருத்தியவே கட்டிக்கிட்டு அழுங்க" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். மறுநாள் காலையில் அவர் எழுந்து, நான் பேசாமல் வைத்த கஞ்சியைப் பேசாமல் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனார்.

உச்சி நேரத்தில் சோறு கொண்டு போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தார். டேங்க் இன்னும் முதுகில் இருந்தது. கோபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, தூக்குச்சட்டியைத் தள்ளி வைத்தேன்.

"ஏட்டி, மானம் இருட்டிட்டு வருதா?" என்றார்.

வெயில் தகித்துக்கொண்டிருந்தது. கரிசல் வெடிப்புகளிலிருந்து அனல் வந்தது. வானத்தில் மேகம் என்று ஒரு பொட்டு இல்லை.

"எங்கன இருட்டுது? வெயிலு பல்ல இளிச்சிட்டுல்லா நிக்கி."

"இல்லட்டி, மங்கலா இருக்கு. உன் மூஞ்சி தெரியல."

குனிந்து பார்த்தேன். கண்ணின் கருமணி கடுகு அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. முகம் தண்ணீர் ஊற்றியது போல வேர்த்திருந்தது. கன்னத்துச் சதை தானாகவே துடித்தது, மாட்டின் தோல் ஈயை விரட்டத் துடிக்குமே, அது மாதிரி. மூச்சு உள்ளே போகும்போது தொண்டையில் சளி கொழகொழவென்று சத்தம் போட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்தார்.

நான் அலறிய சத்தத்தில் பக்கத்துப் புஞ்சையிலிருந்து கொழுந்தன் ஓடிவந்தான். டேங்கைக் கழற்றி எறிந்துவிட்டு அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். சங்கரன்கோவில் போகிற பஸ் வந்தது. நான் ரோட்டின் நடுவில் நின்று மறித்தேன்.

கண்டக்டர் இறங்கி, என் கணவரின் வாயைப் பார்த்தார். வாடையை முகர்ந்தார். பின்னால் நகர்ந்துகொண்டார்.

"மருந்து குடிச்ச ஆளால்லா? போலீஸ் கேஸு. வழியில போயிட்டான்னா யாரு பதில் சொல்லுதது?"

"குடிக்கல அண்ணாச்சி. மருந்து அடிச்சிட்டுல்லா இருந்தாங்க."

"ஊர் பூராத்தான் மருந்து அடிக்கான். எல்லாருமா இப்படி விழுதான்?"

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏத்தும் வே. உசுரு போயிட்டிருக்கு, வாயப் பாத்துட்டு நிக்கீரே."

ஏற்றினார்கள். பஸ் முழுக்க ஆட்கள் முன்பக்கம் நெருக்கிக்கொண்டார்கள். எங்களைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது. "சின்ன வயசு. வீட்டுல என்ன சண்டையோ" என்று ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. என் கணவரின் தலை என் மடியில் இருந்தது. அவருடைய எச்சிலும் வேர்வையும் என் சேலையை நனைத்தன. மூச்சு எப்போது நிற்கும், எப்போது மறுபடி வரும் என்பது மட்டும்தான் எனக்கு உலகத்தில் இருந்தது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி அப்போது சின்னதாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஒரு பெண் டாக்டர். வெளியூர்க்காரர். பார்த்ததுமே ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். காலையில் குடித்த கஞ்சி வந்தது. அறை முழுக்க மருந்து வாடை அடித்தது.

"எவ்வளவு குடிச்சார்?"

"குடிக்கலம்மா."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு வைத்தியம் பாக்க முடியும். மறைக்காதம்மா."

என்ன சொல்வது? காட்டில் டப்பா திறந்துதான் இருந்தது. நான் போவதற்கு முன்னால் அவர் தனியாகத்தான் இருந்தார். முந்தின நாள் நான் கத்தியது நினைவுக்கு வந்தது. ஒருவேளை குடித்துத்தான் இருப்பாரோ? பக்கத்தில் இருந்து எல்லாரும் சொன்னதைவிட, என் மனசே எனக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லில்தான் நான் ஆடிப்போனேன்.

சாயங்காலம் என் மாமியார் வந்தார். நேரே வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "எம்புள்ளய என்ன சொல்லிட்டி கொன்ன?" என்றார். அவருடைய இன்னொரு கையில், வரும் வழியில் கோயிலில் வாங்கிய புத்துமண் பொட்டலம் இருந்தது. அழுதுகொண்டே அதைத் தண்ணீரில் குழைத்து மகன் நெற்றியில் பூசினார். பிறகு போலீஸ் ஏட்டையா வந்தார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். நேற்று வீட்டில் சண்டையா என்று கேட்டபோது கொழுந்தன் என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்தான், "ஆமா, மதினி கொஞ்சம் சத்தம் போட்டாங்க" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நானும் ஆமாம் என்றேன்.

ஊசி போட்டால் மூச்சு தெளியும். சளி குறையும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இழுப்பு வரும். மறுபடி ஊசி. அந்த ஊசியின் வேகத்தில் அவருக்குச் சித்தம் கலங்கியது. வாய் வறண்டு, கண் அகல விரிந்து, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அந்தரத்தில் பருத்தி எடுக்க ஆரம்பித்தார். கட்டைவிரலும் நடுவிரலும் சேர்த்து, காயிலிருந்து பஞ்சை உருவுகிற அதே பக்குவத்தில், இல்லாத செடியிலிருந்து இல்லாத பருத்தியை எடுத்து எடுத்து மடியில் போட்டார். "ஏட்டி, மடி நெறஞ்சிட்டு. சாக்க விரி" என்றார். பக்கத்துக் கட்டில் நோயாளியின் பெண்டாட்டி பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் அவர் சொன்னபடி சாக்கை விரிப்பது போலக் கையை விரித்தேன். அப்போதுதான் படுத்தார்.

மறுநாள் காலையில், அவர் போட்டுவந்த சட்டையும் இடுப்பில் கட்டிவந்த சாரமும் கட்டிலுக்கு அடியில் சுருட்டிக் கிடப்பதைப் பார்த்தேன். அவர் மேல் போர்வை மட்டும் போர்த்தியிருந்தார்கள். வாடை தாங்கவில்லை. துவைத்துப் போடலாம் என்று எடுத்துப்போய், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தொட்டியடியில் உட்கார்ந்து, முக்கி, கும்மி, கையாலேயே தேய்த்தேன். சட்டையின் முதுகுப்பக்கம் பிசுபிசுவென்று எண்ணெய் போல இருந்தது. நல்ல அழுக்கு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பக் கசக்கினேன்.

முதலில் மூக்கு ஒழுகியது. அழுததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு வாயில் எச்சில் ஊறியது. துப்பத் துப்ப ஊறியது. நெஞ்சை யாரோ துண்டைப் போட்டு முறுக்குவது மாதிரி இறுகியது. தொட்டியின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது. காலை வெயிலில் சுவரும் துணியும் என் கையும் புகைமூட்டத்தில் இருப்பது போல இருந்தன.

'மானம் இருட்டிட்டு வருதா' என்று அவர் கேட்டது அப்போது மண்டையில் இடித்தது.

எழுந்திரிக்க முடியவில்லை. வாந்தி வந்தது. நர்ஸ் ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டார். டாக்டர் என் இமையைப் பிரித்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

"நீயுமா குடிச்ச?"

என் மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். "ரெண்டும் பேசி வச்சிட்டுல்லா குடிச்சிருக்கு!"

"இல்லம்மா" என்றார் நர்ஸ். "காலையிலேர்ந்து இவ எங்கயும் போகல. என் கண்ணுக்கு முன்னாலதான் இருந்தா. துணி தொவச்சிட்டு இருந்தா, அவ்வளவுதான்."

"என்ன துணி?"

"அவரு போட்டுட்டு வந்த சட்டை."

டாக்டர் எனக்கு ஊசி போட்டுவிட்டுப் பின்பக்கம் போனார். ஈரச் சட்டையை ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், கீழே போட்டார். வேகமாகத் திரும்பிவந்து என் கணவரைப் புரட்டச் சொன்னார். போர்வையை எடுத்தார்கள். முதுகு முழுக்கச் சிவந்து, டேங்க் உட்காரும் இடத்தில் தோல் கொப்பளித்திருந்தது. ஒட்டியிருந்த மருந்து அப்படியே காய்ந்து பளபளத்தது. வந்ததிலிருந்து அவர் பெரும்பாலும் மல்லாக்கத்தான் படுத்திருந்தார். வயிற்றை அவ்வளவு கழுவியவர்கள், முதுகை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "உள்ள போனது வயித்து வழியா இல்ல. தோல் வழியாவும் மூச்சு வழியாவும். இன்னும் போயிட்டே இருந்திருக்கு" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது. பிறகு கையில் உறை மாட்டிக்கொண்டு, நர்ஸோடு சேர்ந்து அவரே சோப்புப் போட்டு என் கணவரைத் தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டினார். நகக்கண்களைக்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. புத்தி தெளிந்ததும் டாக்டர் அவரிடம் நேராகவே கேட்டார். "உண்மையைச் சொல்லுங்க. குடிச்சீங்களா?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "குடிக்கவா? நான் எதுக்குக் குடிக்கேன்? காயெல்லாம் நல்லால்லா புடிச்சிருக்கு" என்றார்.

நான் அடுத்த கட்டிலில் படுத்திருந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி, சத்தம் வராமல் அழுதேன். என் மாமியார் ஒரு செம்பில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக் கழுவிவிட்டார். ஏற்கெனவே கழுவிய கைதான். இருந்தாலும் கழுவினார்.

ஏட்டையாவிடம் டாக்டரே சொன்னார். கேஸ் இல்லை என்று போய்விட்டார். ஊர் மட்டும் நம்பவில்லை. 'குடிச்சிட்டுப் பிழைச்சவன்' என்றே சொன்னார்கள். "தோலு வழியா உள்ள போகுமாக்கும்? அப்ப நாங்கல்லாம் எப்பவோ செத்திருக்கணுமே" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் சிரிப்பின் முடிவில் இருமினார்கள். அதை நான் மட்டும்தான் கவனித்தேனோ என்னவோ.

அவருடைய மூச்சு பழைய மாதிரி ஆகவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தாலே உட்கார்ந்துவிடுவார். அடுத்த வருஷம் நாங்கள் சோளமும் உளுந்தும் போட்டோம். நாங்கள் மருந்தை விட்டாலும் மருந்து எங்களை விடவில்லை. பக்கத்துப் புஞ்சையில் அடிக்கும்போது காற்று எங்கள் பக்கம் திரும்பினால் போதும், அவருக்கு நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். தோளை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி இறைப்பார். அந்த மாதங்களில் அவரை ராயகிரியில் என் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே நெல்தானே, நல்ல காற்றுதானே என்று. போய் இறங்கிய அன்றைக்கே, "புகையான் பூச்சிக்குப் புது மருந்து வந்திருக்கு மாப்ள" என்று என் அப்பா தொழுவத்திலிருந்து ஒரு டப்பாவைப் பெருமையாக எடுத்துவந்து காட்டினார். அதே சிவப்பு முக்கோணம். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அப்பாவிடம் நான் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை. "கையைக் கழுவுங்கப்பா, மொதல்ல கையைக் கழுவுங்க" என்று கத்தினேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அம்மா பயந்தாள்.

இதற்கு நடுவில்தான் அந்த இன்னொரு விஷயம் எனக்குப் பிடிபட்டது.

எங்கள் தெருவில், நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு பெண் செத்துப்போனாள். என் வயதுதான் இருக்கும். பருத்திக்காட்டில் வாயில் நுரை தள்ளிக் கிடந்தாள். புருஷன் கொடுமை தாங்காமல் மருந்து குடித்துவிட்டாள் என்று பேச்சு. திருவேங்கடம் பக்கத்திலிருந்து அவளுடைய அண்ணன்மார் வந்து, பிணத்தைத் தூக்குவதற்கு முன்னாலேயே அவள் புருஷனை அடித்துக் கையை முறித்தார்கள். அவன், "ஒண்ணுமே சொல்லலையே, நான் அவள ஒண்ணுமே சொல்லலையே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். அப்புறம் அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

ஒருநாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது, செத்துப்போன அந்தப் பெண்ணின் மாமியாரும் வந்து உட்கார்ந்தாள். பேச்சுவாக்கில், "மருந்து கலக்குததெல்லாம் அவதான். எம்மவனுக்கு வாடை ஆகாது. கையாலதான் கலக்குவா. அன்னைக்கும் காலையிலேர்ந்து கலக்கிட்டுத்தான் இருந்தா" என்றாள்.

சுளகு என் கையிலிருந்து நழுவியது. உளுந்து சிதறிப்போனது.

செத்துப்போனவளின் அம்மாவைப் பார்க்கப் போனேன். என் கணவரும் வருவதாகச் சொன்னார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். திருவேங்கடத்தில் இறங்கி, விசாரித்து, கருவேலங்காட்டு வழியாக நடந்துபோனேன். அந்த அம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். என் கணவருக்கு நடந்ததைச் சொன்னேன். நான் சட்டை துவைத்ததைச் சொன்னேன். "உங்க மக குடிச்சிருக்க மாட்டா. எனக்கு அப்படித்தான் தோணுது" என்றேன்.

அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். என் மகள் என்னை விட்டுவிட்டுத் தானாகப் போகவில்லை என்று ஒரு தாய்க்கு நிம்மதியாக இருக்காதா?

அவர் குழையைக் கீழே போட்டார். என்னையே பார்த்தார்.

"அப்போ... அந்தப் பையன எம் பயலுவ அடிச்சது?"

நான் குனிந்து கீழே கிடந்த குழையை எடுத்தேன்.

"கைய முறிச்சாங்களே. நாந்தான் சொன்னேன், விடாதீங்கலே, கொல்லுங்கலேன்னு நாந்தான் கத்தினேன். அவன் என் காலப் புடிச்சான். 'அத்தை, நான் ஒண்ணுஞ் செய்யல'ன்னான். நான் எத்தினேன். காலால எத்தினேன்." அவர் தன் வலது காலைப் பார்த்தார். "அவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா மக்கா?"

தெரியாது என்றேன். யாருக்கும் தெரியவில்லை. திருப்பூர்ப் பக்கம் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார், கேரளாவில் தோட்ட வேலையில் இருப்பதாக இன்னொருத்தர். அந்த அம்மா தன் மூத்த மகனை இரண்டு இடத்துக்கும் அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கிடைக்கவில்லை. நான் போய்ச் சொன்னது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தீரவில்லை. சொல்லாமல் இருந்திருக்கவும் என்னால் முடியாது.

நாங்கள் கொஞ்ச வருஷத்தில் நிலத்தைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டுச் சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டோம். மருந்து அடிக்கக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். கொஞ்ச காலம் காப்பாற்றினான். கோயிலுக்கு மேற்கே ஒரு சந்தில் நாங்கள் இட்லிக்கடை போட்டோம். அடுப்புப் புகை அவருக்கு ஆகாது. அதனால் அவர் வாசலில் உட்கார்ந்து இலை போடுவார், வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். காட்டிலிருந்து நேராக வருகிற சம்சாரிகள் யாராவது அந்த வாடையோடு வந்து உட்கார்ந்தால், அவருக்கு உடனே தெரிந்துவிடும். இருமிக்கொண்டே எழுந்து, குழாயடியைக் காட்டுவார்.

"அண்ணாச்சி, மொதல்ல சட்டையக் கழத்தி அங்கன போட்டுட்டு, கையும் முதுகும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. இட்லி எங்கயும் ஓடிராது."

சில பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். சில பேர் சிரித்துக்கொண்டே கழுவினார்கள். ஒரே ஒருத்தர், பெரிய மீசைக்காரர், சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைத் திருப்பியபோது, நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை கொப்பளம். "இதுக்கென்ன, வேர்க்குரு" என்றார் அவர்.

என் கணவர் அவரை அன்றைக்கே எங்களைப் பிழைக்கவைத்த அந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பாதி தூரத்திலேயே இவருக்கு மூச்சு வாங்கி, ஒரு கடை வாசலில் உட்கார்ந்து, மறுபடி எழுந்து நடந்தார்கள் என்று அந்த மீசைக்காரர் பிற்பாடு என்னிடம் வந்து சொன்னார்.